டௌ புரதத்தையும் பேசுங்கள்

ஆசிரியருக்கு,

அல்சைமர் எனும் மறதிநோய்க்கான புதிய மருந்துகள் பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். நியூரான்கள் எனும் மூளை நரம்புச் செல்களுக்கு வெளியே படியும் அமிலாய்டு புரதத்தை விளக்கிய அது, செல்லுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும் டௌ புரதத்தை ஏனோ விட்டுவிட்டது. நினைவிழப்பின் தீவிரமோ அமிலாய்டைவிட டௌவின் பரவலோடுதான் நெருக்கமாக ஒத்துப்போகிறது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி தொடக்கத்திலேயே பாதிக்கப்படுவதால், இந்நோய் கண்ட என் தாயார் பள்ளி நாள்களைத் துல்லியமாக விவரித்தாலும், சற்றுமுன் மாத்திரை உட்கொண்டதை மறந்துவிடுவார். 'ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது' என்ற உறவினர் பேச்சிலேயே நோயறிதல் தள்ளிப்போனது.

மூளையில் இம்மாற்றங்கள் அறிகுறிகளுக்கு 20 ஆண்டுகள் முன்பேகூடத் தொடங்கலாம். லெகனெமாப் போன்ற மருந்துகளோ ஆரம்ப நிலைக்கு மட்டுமே உரியவை. எனவே, 60 வயது கடந்தோரின் வழக்கமான உடல் பரிசோதனையில் எளிய நினைவுத்திறன் சோதனையையும் சேர்க்க வேண்டும்.