முதல் வாய்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனை வைத்ததும் அம்மா படுத்துவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

கூட வேலை பார்ப்பவர் வீட்டு விருந்தில் நடந்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். சாப்பாடு முடிகிற நேரத்தில் மரப்பலகையில் ஒரு சீஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேல்தோல் ஆரஞ்சு நிறம், வெட்டினால் உள்ளே வழிகிற பதம், கிட்டே வருவதற்கு முன்பே ஒரு வாரம் துவைக்காத சாக்ஸ் வாடை. அந்த வீட்டம்மா ஒரு துண்டு பிரட்டில் ஆசையாகத் தடவி உன் தட்டில் வைத்தார். நீ வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அறைக்கு வந்து வெறும் பிரட்டும் வாழைப்பழமும் தின்றிருக்கிறாய். எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசியில் மட்டும் உன் குரல் இறங்கிற்று. "அவங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா" என்றாய்.

முதலில் உன் மூக்குக்கு ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். அது பொய் சொல்லவில்லை. நீ சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், அது முதிரும்போது உப்புத் தண்ணீரால் மேல்தோலைத் துடைத்துத் துடைத்து எடுக்கிற வகை. அந்த ஈரத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவுக்கும் நம் கால்விரல் இடுக்கில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் பங்காளி உறவு. இந்த வகையில் லிம்பர்கர் என்று ஒரு சீஸ் உண்டு. மலேரியா பரப்பும் பெண் கொசு மனிதக் கால் வாடையைத் தேடி வருவது போலவே லிம்பர்கர் வாடையைத் தேடியும் வருகிறது என்று காட்டிய ஆராய்ச்சிக்கு 2006இல் இக் நோபல் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது. கொசுவே ஏமாறுகிறது, நீ எம்மாத்திரம்!

ஆனால் இன்னொன்றும் உண்டு. 2005இல் ஆக்ஸ்போர்டில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே வாடையை ஆட்களுக்கு முகரக் கொடுத்து, சில தடவை திரையில் 'செடார் சீஸ்' என்றும் சில தடவை 'உடம்பு நாற்றம்' என்றும் எழுதிக் காட்டினார்கள். சீஸ் என்று படித்தபோது நல்ல மணம் என்றார்கள். உடம்பு நாற்றம் என்று படித்தபோது பிடிக்கவில்லை என்றார்கள். குப்பி ஒன்று, மூக்கும் ஒன்று. மாறினது பெயர் மட்டும்தான். மூளைக்குள் படம் பிடித்துப் பார்த்தபோது அங்கேயும் வித்தியாசம் தெரிந்ததாம், அதனால் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள் என்றும் தள்ள முடியாது. அந்த மேஜையில் மற்றவர்கள் எல்லோரும் சீஸை முகர்ந்துகொண்டிருந்தார்கள். நீ ஒருத்தி மட்டும் சாக்ஸை முகர்ந்துகொண்டிருந்தாய்.

என் ஆலிவ் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? இருபத்தாறு வயதிருக்கும். ஆபீஸில் ஒரு பெரிய விருந்து, நின்றுகொண்டே எடுத்துச் சாப்பிடுகிற ஏற்பாடு. ஒரு கிண்ணத்தில் பச்சையாக, உருண்டையாக, பளபளவென்று இருந்தது. திராட்சை என்று நினைத்து ஆறேழு அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டேன். முதல் பழத்தை முழுசாக வாயில் போட்டுக் கடித்த கணத்தில் மேலதிகாரி எதிரே வந்து நின்று ஏதோ கேட்கிறார். வாயெல்லாம் உப்பு, அதன் பின்னாலேயே ஒரு கசப்பு, போதாததற்குப் பல்லில் கொட்டை இடித்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன். இருமுவது மாதிரி கைக்குட்டையை எடுத்து அதற்குள் இறக்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் துவைக்க எடுத்த அம்மா அந்த மடிப்பைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஆலிவ் மேல் ஒரு குற்றமும் இல்லை. நாக்கு திராட்சைக்குத் தயாராக இருந்தது, வந்தது வேறு. வேறொரு சமயம் நண்பர் ஒருவர், "இது உப்பில் ஊறினது, கொட்டை இருக்கும், பாதியாகக் கடி" என்று சொல்லிக் கொடுத்தார். பிடிக்கவில்லை, ஆனால் அதிர்ச்சியும் இல்லை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒருநாள் நானாகவே கை நீட்டினேன். இப்போது ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும் பாட்டில் எனக்கு மட்டும்தான், அம்மா தொடமாட்டாள். மரத்திலிருந்து பறித்த ஆலிவை அப்படியே தின்ன முடியாது தெரியுமா? ஓலியூரோபின் என்று ஒரு கசப்புச் சத்து அதில் நிறைய. காரநீரிலோ உப்புநீரிலோ நாள்கணக்கில், சில வகைகளை மாதக்கணக்கில், ஊறவைத்துத்தான் கசப்பை எடுக்கிறார்கள். முதலில் கடித்த ஆள் கட்டாயம் துப்பியிருப்பான். துப்பின கூட்டத்தில் யாரோ ஒருத்தர் அதோடு விடாமல் மறுபடி கடித்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு நான் கடன்பட்டவன்.

புதுசு என்றால் பயப்படுவது கோழைத்தனம் என்று நான் சொல்லவரவில்லை. இலை ஒன்றையே தின்று வாழும் பிராணிக்கு இந்தத் தொல்லை கிடையாது. எதையும் தின்னக்கூடிய பிராணிக்கு எது சாப்பாடு, எது விஷம் என்று தெரியாது. தேடினால்தான் பிழைக்கலாம், தேடினால் சாகவும் சாகலாம். மனிதன், எலி இரண்டுக்கும் இதே பாடுதான். பால் ரோசின் என்ற உளவியல் அறிஞர் 1976இல் இதைப் பற்றி எழுதினார். பயம் நியாயமானதுதான் என்பதற்கு ஜமைக்காவின் தேசியப் பழமான அக்கீயே சாட்சி. தானாக வாய் பிளந்து திறக்கும் முன் தின்றால் விஷம், திறந்த பிறகு பக்குவமாக வேகவைத்தால் விருந்து. அதனால்தான் தெரியாத சாப்பாட்டைத் தெரிந்தவர் கையால் வாங்கிச் சாப்பிடு என்கிறேன். நேற்று உனக்குக் கிடைத்தது அப்படி ஒரு கைதான்.

இப்போது ராத்திரியெல்லாம் என்னைப் புரட்டின விஷயத்துக்கு வருகிறேன். காளான்.

உனக்கு நாலு வயசு. அம்மா காளான் சமைத்திருந்தாள், முதல் தடவை. நீ வேண்டாம் என்றாய். "அப்பாவுக்காக ஒரே ஒரு வாய்" என்று ஆரம்பித்தேன். பிறகு அது பிடிவாதமாகிவிட்டது, உன்னுடையது இல்லை, என்னுடையது. அரை மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ அதைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, என்னையே பார்த்தாய். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ராத்திரி மூன்று தடவை வாந்தி, காலையில் உடம்பு நெருப்பு. வைரஸ் காய்ச்சல் என்றார் டாக்டர். காளான் சாப்பிட்ட நேரத்திலேயே காய்ச்சல் உள்ளே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து இருபத்து நாலு வருஷம், நீ காளானைத் தொட்டதில்லை. பீட்சாவில் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவாய். நானும் தின்பேன், ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஜான் கார்சியா என்ற ஆராய்ச்சியாளர் 1955இல் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தது இதுதான். இனிப்புத் தண்ணீர் குடிக்கும்போது அவற்றின் மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சினார். கதிர்வீச்சால் எலிகளுக்கு உடம்பு முடியாமல் போனது. பிறகு அவை அந்த இனிப்புத் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் வயிறு கடைசியாகத் தின்ற புதுச் சாமான் மேல்தான் பழியைப் போடும். காய்ச்சல் என்று உன் புத்திக்குத் தெரியும், வயிற்றுக்கு எப்படித் தெரியும்?

பழியில் என் பங்கு இதில் தனி. 2006இல் வந்த ஓர் ஆய்வில் சின்னப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்து, ஒரு சூப்பை "குடி, முடி" என்று வற்புறுத்தினார்கள், இன்னொன்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. வற்புறுத்தாத சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். இதைப் படித்தபோது யாரோ நம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. அந்தக் காளானுக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

இவ்வளவு சொன்னவன் இப்போது அந்த சீஸைத் தின்றே ஆக வேண்டும் என்று எழுதுவேனா? மாட்டேன். ஆனால் உனக்குப் பிடிக்காது என்று நேற்றே எழுதி மூடிவிடாதே. லியான் பிர்ச் என்ற அம்மாள் 1982இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அதுவரை பார்த்திராத சீஸ் வகைகளையும் பழங்களையும் கொடுத்துப் பார்த்தார். சிலவற்றை இரண்டு தடவை, சிலவற்றை இருபது தடவை வரை. எதை அதிகத் தடவை ருசித்தார்களோ அதைத்தான் பிள்ளைகள் பிறகு விரும்பி எடுத்தன. பார்த்தால் மட்டும் போதுமா என்று பின்னொரு ஆய்வில் சோதித்தார், போதவில்லை. நாக்கில் படவேண்டும். நீ நேற்று நாக்கில் படவே விடவில்லையே. அது நாக்கு சொன்ன பதில் இல்லை, அடுத்த தடவை அதைக் கொஞ்சம் கேட்டுப் பார்.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். நாக்கு தாங்கும் அளவு, நகக்கண் அளவு போதும். உனக்குப் பழகின பிரட்டின் நடுவில் வை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிற சடங்கை விட்டுவிடு. வெளியே இருந்து முகரும்போது வரும் வாடையும், மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும் மணமும் மூளைக்கு வேறு வேறாகப் படும். மூக்குக்கு நாறுகிற சீஸ் வாய்க்குள் போனதும் வெண்ணெயாக, கொட்டைப் பருப்பாக மாறுகிற வித்தை அங்கேதான் இருக்கிறது. பசியோடு இருக்கும்போது பார், நிறையச் சாப்பிட்ட பிறகு பார்க்காதே. உடம்பு சரியில்லாத நாளில் புதுசு எதையும் தொடாதே, காளான் கதை ஒன்று போதும் நமக்கு.

கிவி தின்றால் உனக்கு உதடு அரிக்குமே, அது ஞாபகம் இருக்கட்டும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குக் கிவி, அவகேடோ எல்லாமே வம்பு செய்யும். புதுசு எதுவானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வெட்கப்படாதே. உதடு வீங்கினால், தொண்டை இறுகினால், மூச்சு திணறினால், "பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருக்காமல் உடனே அவசர உதவியைக் கூப்பிடு. அம்மா இந்த வரிக்குக் கீழே கோடு போடச் சொன்னாள், போட்டாயிற்று.

அந்த வீட்டம்மாவின் முகத்தைப் பற்றி. டார்வின் 1872இல் எழுதின ஒரு சம்பவம் உண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடியில், டியர்ரா டெல் ஃபுவேகோவில், அவர் பதப்படுத்தின மாமிசத்தைத் தின்றுகொண்டிருந்தார். அங்கிருந்த ஒருவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, அதன் கொழகொழப்பில் முகம் சுளித்தார். டார்வினுக்கோ, இந்த ஆள் என் சாப்பாட்டில் கை வைத்துவிட்டானே என்று அருவருப்பு, கை அழுக்காகத் தெரியவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரே துண்டு மாமிசம், இரண்டு பேருக்கும் குமட்டல். அந்த அம்மாவும் உன் முகத்தைப் பார்த்திருப்பார். வாய் வயிற்றுவலி என்று சொன்னாலும், மூக்கு சுருங்கினது வேறு சொல்லியிருக்குமே. விருந்து வைத்தவருக்குத் தன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் தன்னையே தள்ளிவைத்த மாதிரிதான் இருக்கும்.

அதனால் அடுத்து பார்க்கும்போது உண்மையைச் சொல்லிவிடு. "எனக்கு இது ரொம்பப் புதுசு, வாடைக்குப் பயந்துவிட்டேன். நீங்கள் முதல் தடவை எப்படிச் சாப்பிட்டீர்கள்?" என்று கேள். எனக்கென்னமோ, அவரும் சின்ன வயதில் அதைப் பார்த்து ஓடியிருப்பார் என்றே படுகிறது. சாப்பிட்டுப் பார்த்துப் பிடிக்காமல் போனால், பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு மேஜையிலேயே உட்கார்ந்திரு. அறைக்கு ஓடிவந்து தனியாக பிரட் தின்றதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது, சீஸ் இல்லை.

அந்த சீஸின் பெயரை எழுத்துக்கூட்டி அனுப்பு. இங்கே கிடைத்தால் வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கைக்குட்டை கொடுக்கமாட்டேன் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். லீவுக்கு நீ வரும்போது காளான் வாங்கி வைக்கட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம், அவளாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா