ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர்களுக்கு: எக்ஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

நானும் உங்களில் ஒருவன்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன். மணி அடித்ததும் உள்ளே போய், தேதி போட்டு, 'இயற்கணிதம்' என்று எழுதி அடிக்கோடிட்டு, 'மாறி என்றால் என்ன?' என்று ஆரம்பிக்கிறோமே, அங்கேயே பாதி வகுப்பு கழன்றுவிடுகிறது. பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

இப்போதெல்லாம் முதலில் சாக்பீஸைத் தொடுவதே இல்லை. ஒரு எண்ணை நினைச்சுக்கோங்க, இரண்டால் பெருக்குங்க, 10 கூட்டுங்க, பாதியாக்குங்க, நினைச்சதைக் கழிங்க. எல்லாருக்கும் 5! இந்த வருடம் ஒருத்தி, "மைனஸ்ல நினைச்சா சார்?" என்றாள். மைனஸ் 3-ஐப் போட்டுப் பார்த்தோம், அதுவும் 5. எப்படி என்று அவர்களே குடைய ஆரம்பித்த பிறகுதான், நினைத்த எண்ணுக்கு, எக்ஸுக்குப் பதிலாக, ஒரு பெட்டி வரைந்தேன். இரண்டு பெட்டியும் 10-ம், இதில் பாதி எவ்வளவு? கடைசி பெஞ்சிலிருந்து "ஒரு பெட்டி, 10" என்று பதில் வந்தது. பக்கத்தில் இருந்தவன், "10-லயும் பாதிடா" என்று தலையில் தட்டினான். பரீட்சைத் தாளில் நாம் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து மாளாத அதே தப்பு!

பலாப்பழத்திலும் தொடங்கலாம். காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் சுளைக் கணக்கு வரும் என்கிறது நம் பழைய கணித நூலான கணக்கதிகாரம். பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஒரு பழத்தை வகுப்பிலேயே அறுத்துப் பாருங்கள், சூத்திரம் தோற்றாலும் சுளை மிஞ்சும். அப்புறம், 2013-இல் சென்னை ஆட்டோவுக்கு அரசு வைத்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. 5.8 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் "யாரு சார் மீட்டர் போடுறா?" என்று கத்துவார்கள். கத்தட்டும், 73 ரூபாயைக் கண்டுபிடித்துவிட்டுக் கத்தட்டும்.

போர்ஷன் முடிய வேண்டாமா என்பீர்கள். எனக்கு இதற்குப் பத்து நிமிடம் போனது, சரி, மறுநாள் விளக்கம் சொல்லும் வேலை பாதி குறைந்தது.

அந்த மைனஸ் பெண் மறுநாள் சொந்தமாக ஒரு புதிர் செய்து கொண்டுவந்து என்னையே நினைக்கச் சொன்னாள். சோம்பலில் பூஜ்யத்தை நினைத்தேன். "அது மட்டும் கூடாது சார், கடைசியில நினைச்ச எண்ணாலேயே வகுக்கணும்" என்றாள்.