மெழுகுல இருந்தப்ப எடுத்த போட்டோ இருந்தா அனுப்பு

கண்ணு,

சாப்பிட்டியா. அம்மா போன் பண்ணி நீ எடுக்கலையாம், வேலையா இருப்பான்னு சொல்லி வச்சிருக்கேன். இங்க எல்லாரும் சௌக்கியம், கும்பாபிஷேக ஆர்டர் முடிஞ்சு பாலிஷ் ஓடிட்டிருக்கு, தாராசுரம் மாமாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு. நேரத்துக்கு சாப்பிடு.

மாமா பையன் போன்ல ஒரு படம் காட்டினான். ஒரு பக்கம் திருவெண்காடு ரிஷபவாகனர், காளை மேல சாஞ்சு நிக்கற சிவன் வெண்கலச் சிலை, இன்னொரு பக்கம் நீ செஞ்ச பொண்ணு, நடுவுல சிவப்பு கோடு. நீ அதைப் பாத்து காப்பி அடிச்சுட்டன்னு கீழ என்னமோ எழுதியிருந்தாங்க, நான் முழுசா படிக்கலை, உன் சிலையத்தான் பாத்துட்டிருந்தேன். அந்த இடுப்பு ஒடியற இடத்தை அப்படி நிறுத்தறது சாமான்யம் இல்லம்மா, பட்டறையில இப்ப இருக்கற பசங்க யாருக்கும் அது வராது.

தஞ்சாவூர் அரண்மனையில நீ அந்த ரிஷபவாகனர் முன்னாடியேதான் நிப்ப, கூப்பிட்டாலும் வரமாட்ட. 1011ல செஞ்சது. காளை காணாம போச்சு, சாமி மட்டும் காலை மாத்தி வச்சு, அது மேல சாஞ்ச கை சாஞ்சபடியே நிக்குது. நீ அதை எடுத்து, பஸ்ஸுக்கு நிக்கற பொண்ணை, சாய ஒண்ணும் இல்லாம நிறுத்தியிருக்க. எனக்குப் புரிஞ்சுது. காளை இல்லாம போன அந்த வெறும் இடத்தைத்தான் நீ எடுத்திருக்க, அது யார் கண்ணுலயும் படாதது.

அதை செஞ்ச ஸ்தபதி மட்டும் தானா கண்டுபிடிச்சாரா? சாமி ரூபத்தை சொல்ற தியான ஸ்லோகம் முன்னாடி இருந்தவங்க சொன்னது, அளவு முன்னாடி இருந்தவங்க வச்சது. உத்தம தசதாளம்னா சாமி சிலை உயரத்தை 124 பங்கா பிரிக்கறது, ஒரு பங்குதான் ஒரு அங்குலம், அம்மனுக்கு 120, தென்னை ஓலைய மடிச்சு நாங்களும் அதைத்தான் வைக்கறோம். அப்படியும் தாத்தா செஞ்ச அம்மன் முகமும் பெரியப்பா செஞ்ச முகமும் உனக்கே தெரியும், தூரத்துல இருந்து சொல்லிடுவ. முதல்ல மெழுகுல செஞ்சு, மண் அப்பி, அப்புறம்தானே உலோகம் வார்க்கறோம், அந்த மெழுகுல கை போறப்ப அவங்கவங்க ஆளு உள்ள வந்துடும்.

ஆனா அச்சு எடுக்கறது வேற. தாத்தா அம்மனை ஒருத்தர் பூஜைக்குன்னு வாங்கிட்டுப் போய் அச்சு எடுத்து வித்தாரே, தாத்தா எப்படி கண்டுபிடிச்சார், ஞாபகம் இருக்கா. ஓலைய வச்சுப் பாத்தார், கொஞ்சம் சின்னதா இருந்துது. உலோகம் ஆறினா சுருங்கும், வார்த்ததுல இருந்து அச்சு எடுத்து வார்த்தா இன்னும் சுருங்கும், நகை வேலையெல்லாம் மழுங்கிப்போயிருக்கும். அதைத்தான் நாங்க திருட்டுன்னு சொல்லுவோம்.

உன்னை அப்படி நினைக்கலைம்மா. நினைக்கவே இல்லை. அங்க ரப்பர் அச்சு எல்லாம் சுலபமா எடுக்கலாம்னு நீ ஒரு தடவை சொன்ன, அதான் மனசுல ஓடிட்டே இருக்கு. மியூசியத்துல அதெல்லாம் விடமாட்டாங்கன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் கடையில விக்கற காப்பி ஒண்ணை வச்சு... இல்ல, நீ செய்யமாட்ட. சாப்பிட்டியா இல்லையா, அதை முதல்ல சொல்லு.

பிரான்ஸ் சிற்பி ரோதின் கதை நீதானே எனக்கு சொன்ன. இத்தாலி போய் மைக்கேலேஞ்சலோ வேலையெல்லாம் பாத்துட்டு வந்து, 1877ல ஒரு ஆம்பளை சிலைய வச்சார், உயிரோட இருக்கற ஆளு மேலயே அச்சு எடுத்துட்டார்னு சொல்லிட்டாங்க. மனுஷன் அந்த மாடலோட போட்டோ எல்லாம் கொண்டுவந்து காட்டினார். 1880ல அரசாங்கமே அந்த சிலைய வாங்குச்சு. நம்ம நடராஜரை போட்டோவுல மட்டும் பாத்துட்டு அவ்வளவு எழுதினதும் அவர்தான்னு நீ சொன்னப்ப எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா. மைக்கேலேஞ்சலோகிட்ட இருந்து வாங்கினதை அவர் மறைக்கலையே.

நீ மட்டும் ஏன் அந்த பேட்டியில எல்லாம் என் கற்பனைன்னு சொன்ன? திருவெண்காடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த சிவப்பு கோடு போட்டவனுக்கு கண்டுபிடிக்க என்ன இருக்கு. பட்டறை பேரை சொல்லலைன்னு எனக்கு வருத்தம் இல்ல, அம்மாவுக்குத்தான் கொஞ்சம். எனக்கும் இருந்துது, அது போகட்டும். இனிமே யார் கேட்டாலும் சொல்லு, இங்க பாத்தேன், இதை எடுத்தேன், இப்படி மாத்தினேன்னு. சொன்னா உன் வேலை குறைஞ்சுடாது.

ரூம்ல இருக்கற பொண்ணுகிட்ட அம்மா பேசினா. நீ ஸ்டூடியோ பக்கமே போகலையாம், மெழுகை உருக்கி டப்பாவுல போட்டு மூடிட்டியாம். அது மட்டும் வேணாம்மா. யாரோ எழுதினதுக்கு கை வேலைய நிறுத்தக்கூடாது. மெழுகுல கலக்கற குங்கிலியம் தீந்திருந்தா சொல்லு, மேல அப்பற வண்டல் வேணும்னாலும் மூட்டை கட்டி பார்சல்ல போடறேன், நம்ம காவேரி வண்டல் மாதிரி அங்க கிடைக்காது.

அந்த பொண்ணு மெழுகுல இருந்தப்ப எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா, மண் அப்பறதுக்கு முன்னாடி? பாதி வேலையில இருந்தாலும் பரவாயில்ல, அனுப்பு, அச்சு எடுக்கலை, கையால செஞ்சதுன்னு அதுவே சொல்லும். இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, அப்புறம் என்ன பண்ணலாம்னு பேசிக்கலாம். அம்மா நம்பர்ல கூப்பிடு, என் போன்ல சரியா கேக்க மாட்டேங்குது.

அப்பா