பரண்மேல் இருந்து குரல் கொடுத்த பெரியவருக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டையில் இருந்து அய்யூர் போகும் வழியில், கேழ்வரகுக் கொல்லையில் பரண் போட்டு இரவுக் காவல் இருந்த பெரியவரே, உங்கள் பேர் தெரியாமலே நன்றி சொல்கிறேன்.

விடியற்காலையில் காட்டோரப் பாதையில் ஓட்டப் பயிற்சிக்காக ஓடி வந்த எங்களைப் பார்த்ததும், "நில்லுங்கப்பா, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று இறங்கி வந்தீர்கள். பாதையில் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் கிளறிக் காட்டினீர்கள். உள்ளே செரிக்காத கேழ்வரகுத் தாள். சூடு இன்னும் ஆறவில்லை. அறுவடைக் காலத்தில் ராத்திரி கொல்லைக்கு இறங்கும் யானைகள் வெளிச்சம் வரும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்புமாம். உண்ணிச்செடி மண்டிய வளைவில் பத்தடியில் நின்றால்கூடத் தெரியாது என்றீர்கள். மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை.

அப்புறம், இரவெல்லாம் கண்விழித்த களைப்போடு கூடவே நடந்து வந்து வண்டிப்பாதையைக் காட்டினீர்களே, அதை எப்படி மறப்பது? இரு பக்கமும் வெட்டவெளி, ஏற்ற இறக்கமும் உண்டு. ஓட அருமையான தடம்.

இப்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் வெயில் ஏறிய பிறகு, காதில் பாட்டு மாட்டாமல், அந்தத் தடத்தில்தான் ஓடுகிறோம். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பதில்லை. இந்தப் பக்கம் ஓட வருகிறவர்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.