போர்வையில் படுத்த அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

கடலூர் செம்மண்டலம் சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. மெத்தைகள் மொட்டைமாடியில் காய்கின்றன. எங்கள் பெரியவர்கள் 34 பேரும் நலம். ஒரு தாத்தாவுக்குச் சளி, அவ்வளவுதான். சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்ததும் தென்பெண்ணை நம் வாசலுக்கு வந்ததும் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நன்றி தெருமுனை இஸ்திரி அண்ணனுக்கு.

ஆபத்து வந்தால் பெரியவர்களை எப்படி அப்புறப்படுத்துவது என்று ஆடி மாதத்தில் ஒத்திகை தொடங்கினோம். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தானாக நடப்பவர் கதவில் பச்சை ரிப்பன், கைபிடித்தால் நடப்பவருக்கு மஞ்சள், படுத்த படுக்கையாக இருப்பவருக்குச் சிவப்பு. தீ என்றால் வெளியே, தண்ணீர் என்றால் மாடிக்கு. லிஃப்ட் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு 11 பேர். இராப்பணியில் வாட்ச்மேனையும் சேர்த்து 4 பேர்தான், அதனால் ஒத்திகையும் 4 பேரை வைத்துத்தான். பகல் ஆட்கள் எல்லாரையும் நிறுத்திக்கொண்டு செய்தால் அது நாடகம்.

போர்வையில் 2 அரிசி மூட்டையை வைத்துப் படியேற்றிப் பார்த்தோம். சுலபமாகத்தான் இருந்தது. வேட்டிகளைக் கொடுக்க வந்த அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மூட்டைக்குப் பயம் இருக்காதேம்மா" என்றார். செருப்பைக் கழற்றினார். போர்வையில் படுத்துவிட்டார்.

ஆள் 90 கிலோ. படி திரும்பும் இடத்துக்குப் போவதற்குள் ஒரே கத்தல்: "நிறுத்துங்க, தலை கீழ போகுது!" மேலே ஏற்றும்போது தலைப்பக்கம்தான் முன்னால் போக வேண்டும். நாங்கள் காலை முன்னால் விட்டு ஏற்றிக்கொண்டிருந்தோம். மூட்டைக்கு ஏது தலை, ஏது கால்? இறக்கி வைத்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே இன்னொன்று சொன்னார்: "மேல பாத்தா கூரைதான் தெரியுது. யார் தூக்குறாங்க, எங்க போறாங்க, ஒண்ணும் புரியல. யாராவது ஒருத்தர் பேசிக்கிட்டே வாங்க."

அன்றிலிருந்து தலைமாட்டைப் பிடிப்பவர் வாய் ஓயக்கூடாது என்பது எங்கள் சட்டம்.

அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, 6 தடவை வந்து படுத்தார். ஞாயிறுதான் அவருக்குத் துணி அதிகம். மூன்றாவது தடவை ஒரு முனை கைநழுவி, அவர் முழங்கை படியில் இடித்து வீங்கிப்போனது. ஒரு வாரம் இடது கையால் பெட்டி தேய்த்தார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார், டீ மட்டும். ஏன் அண்ணே இவ்வளவு சிரமம் என்று கேட்டால், "கரி சூடேர்ற வரைக்கும் சும்மாதானே நிக்கறேன்" என்பார். எந்த ஊர்க் கரி ஒன்றரை மணி நேரம் சூடேறுகிறது என்று நான் கேட்கவில்லை.

வெள்ளம் வந்த இரவு அவர் வரவில்லை. வர முடியாது, அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். ஆனால் எங்கள் வாட்ச்மேன், கேட்டதற்கே பதில் சொல்லாத மனுஷர், டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பாட்டி, இப்ப திரும்பறோம், இன்னும் 4 படி, இன்னும் 3" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். 2 வருஷமாக யாரையும் அடையாளம் தெரியாத ஐந்தாம் அறைப் பாட்டி, "சரி சரி, பாத்துப் போ" என்றார். 11 பேரும் மேலே போக 27 நிமிஷம். ஆடியில் 50 ஆனது.

தவறும் நடந்தது. இன்சுலின் பெட்டியைக் கீழே ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டோம். இடுப்பளவு தண்ணீரில் மருந்தைத் தலையில் சுமந்துவந்த மருந்துக்கடைத் தம்பிக்கும், தேவனாம்பட்டினத்திலிருந்து படகோடு வந்தவர்களுக்கும், இட்லி அனுப்பிய பின்தெருப் பெண்களுக்கும், மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன்களுக்கும், சேறு வாரிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இங்கேயே கும்பிடுகிறேன்.

'தானே' புயல் அடித்த 2011க்குப் பிறகு ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்றினோம். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை மறக்காததால், இராத்திரியில் எந்த அறையையும் வெளியே பூட்டுவதில்லை. மேடை கட்டலாம், பூட்டை எடுக்கலாம். படுத்திருப்பவருக்குக் கூரை மட்டும்தான் தெரியும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீர் வடிந்த மறுநாள் அண்ணன் வந்தார். அவருடைய வண்டி சாய்ந்து கிடக்கிறது, பெட்டிக்குள் சேறு. ஆனால் கையில் பாலித்தீன் பை, அதற்குள் எங்கள் பெரியவர்களின் 14 வேட்டிகள், மடிப்புக் கலையாமல். தன் வீட்டுப் பாய் படுக்கை நனைய விட்டு இதைப் பரணில் ஏற்றியிருக்கிறார். வண்டியைச் சரிசெய்துகொடுப்பது இல்லத்தின் பொறுப்பு. அவர் சம்மதத்தை நான் கேட்கப்போவதில்லை.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு அடுத்த ஒத்திகை. இந்த முறை போர்வையில் நான் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தலைமாட்டை அண்ணன் பிடிக்கிறாராம். என் எடை எவ்வளவு என்று 2 தடவை கேட்டுவிட்டார்.