பேட்ஜ் போனால் போகட்டும், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீயும் மருமகளும் நலமா? குட்டிக்குச் சளி விட்டதா? போனில் பேசினால் பாதி நேரம் நீ கணக்குச் சொல்கிறாய், மீதி நேரம் லைன் அறுந்து போகிறது. நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவார். வரிசை மாற்றி அனுப்பினால் பக்க எண்ணைப் பார்த்துப் படித்துக்கொள்.

ஆன்லைன் தளத்தில் நம்ம போர்வைக் கடைக்குக் கொடுத்திருந்த பேட்ஜ், அதுதான் அந்த நல்ல கடை முத்திரை, போனதிலிருந்து என்னைவிட நீதான் கலங்கிப் போயிருக்கிறாய். டல்லாஸில் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து நம்ம கடைப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாயாமே, மருமகள் சொன்னாள். நீ ஆரம்பித்துக் கொடுத்த கடை, அந்தப் பாசம் உனக்கு இருக்கும்தான். ஆனால் அது ஏன் போனது என்று நீ நினைப்பதும் இங்கே நடந்ததும் ஒன்றில்லை.

ரேட்டிங் குறைந்ததால் போயிற்று என்கிறாய். இல்லை. ரேட்டிங் அன்றைக்கும் 4.3, இன்றைக்கும் 4.3. போனது தாமதக் கணக்கில். மழை கொட்டின அந்த வாரம் ஒரு நாள் பார்சல் எடுக்கிற பிக்கப் வண்டி வரவில்லை. 9 பார்சல், லேபிள் ஒட்டி, திண்ணையில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தோம். வண்டிப் பையனைக் கூப்பிட்டால், பெருந்துறை ரோட்டில் வண்டி நிற்கிறது, நாளைக்கு வருகிறேன் அம்மா என்றான். பாவம், அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு மழையும் தெரியாது, திண்ணையும் தெரியாது. பார்சலை ஸ்கேன் பண்ணின நேரம் மட்டும்தான் தெரியும். 9 பார்சலும் நம்ம தாமதம் என்று எழுதிக்கொண்டது.

சொசைட்டியில் கணக்கு எழுதிப் பழகின கை சும்மா இருக்குமா? பேட்ஜ் விதிமுறையை எடுத்து வைத்துப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு 4 பார்சல் வரை தாமதமாகலாம். நமக்கு மாதம் 150 ஆர்டர் என்றால் 6 பார்சல். ஒரே ஒரு சாயங்காலம் வண்டி வராவிட்டால் கதை முடிந்தது. மாதம் 15,000 ஆர்டர் எடுக்கிறவனுக்கு 600 பார்சல் வரை தாங்கும். அவனுக்கு ஒரு ஊரில் மழை பெய்தால் இன்னொரு ஊர் குடோனிலிருந்து போய்விடும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், சதவீதமும் ஒன்றுதான். ஆனால் சின்னக் கடைக்குச் சதவீதம் என்பதே வேறு. இதைத் தளத்துக்கு மெயிலில் எழுதி, வண்டி வராத அன்றைக்குப் பையனிடமிருந்து வந்த மெசேஜையும் இணைத்து அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. யார் எழுதினார்கள் என்று கீழே ஒரு பெயர் இருந்தது. ஆள்தானா என்று தெரியவில்லை.

இன்னொன்று அந்த ரிட்டன். உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. மஞ்சளில் பச்சைக் கட்டம் போட்ட போர்வை ஒன்று, "கலர் வேறு" என்று திரும்பி வந்தது. சாயம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும், கைத்தறியில் அது சகஜம், அதைப் படத்துக்குக் கீழே எழுதியும் வைத்திருக்கிறோம். சரி, வந்தால் வரட்டும் என்று வீடியோ எடுக்க மொபைலை நிமிர்த்தி வைத்துப் பிரித்தேன். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, எடை பாதிதான். உள்ளே இருந்தது துவைத்துத் துவைத்துப் போன விசைத்தறிப் போர்வை. நடுவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. நம்ம போர்வையிலிருந்து கைத்தறி முத்திரைத் துணியை நூல் பிரித்து எடுத்து, அந்தப் பழம் போர்வையின் மூலையில் ஊக்கு குத்தி அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது, இவ்வளவு வேலை பார்த்திருக்கிறார்களே என்று. வீடியோவில் பார்கோடு தெளிவாகத் தெரியவில்லை என்று நான் கேட்ட இழப்பீட்டைத் தளத்துக்காரர்கள் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதுவும் நம்ம கணக்கில் ஒரு குறைதான்.

இனி நீ சொன்ன யோசனைகளுக்கு வருகிறேன்.

உன் சிநேகிதர்கள் ஆளுக்கு ரெண்டு ஆர்டர் போடுவார்கள், ஐந்து நட்சத்திரம் கொடுப்பார்கள், காசை நீ அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவாய், ஆர்டர் கூடினால் சதவீதமும் சரியாகிவிடும் என்றாய். இதே வேலையை இங்கே ஒருவன் தொழிலாகவே செய்கிறான், தெரியுமா? பேட்ஜ் போன மறு வாரமே போன் வந்தது. காலி டப்பா போகும், நட்சத்திரம் வரும், மொத்தமாக ஒரு ரேட். நம்ம பேட்ஜ் போன சேதி அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆடிட்டர் ஆபீசில் விசாரித்தேன். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளிலேயே இருக்கிறதாம், விற்கிறவர் தன்னை வாங்கினவர் போலக் காட்டிக்கொண்டு விமர்சனம் எழுதக் கூடாது என்று. சட்டத்தை விடு. உன் சிநேகிதன் வீட்டில் நம்ம போர்வை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும், அதற்கு நல்ல பேர் வந்திருக்கும். மேற்கு வீட்டுச் சித்தப்பா தறியில் உட்கார்ந்து மிதிக்கிற மிதிக்கு அதுவா கூலி? வேண்டாம் சாமி.

பார்சலுக்குள் நம்ம போன் நம்பர் அச்சடித்த சீட்டு வைப்பதும் வேண்டாம். ஒப்பந்தத்தில் கூடாது என்று இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டவள் நான்.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. தேடினால் எது முதலில் வருகிறது, எதை வைத்து வரிசை போடுகிறார்கள் என்பதைத் தளம் விளக்க வேண்டும். ஒரே வகைச் சரக்கு விற்கிறவர்களுக்குள் ஒருவரை ஒரு மாதிரியும் இன்னொருவரை வேறு மாதிரியும் நடத்தினால் அதையும் நிபந்தனைகளில் எழுதி வைக்க வேண்டும். நம்ம தளமும் எழுதித்தான் வைத்திருக்கிறது. படித்தேன். தமிழில் இருந்தாலும் புரிந்திருக்காது.

நீ போனில் ஆவேசமாகச் சொன்னாயே, பெரிய ஆட்களுக்குத்தான் எல்லாம் என்று. அந்த வழக்கு வேறு, நம்ம விஷயம் வேறு. டெல்லி வியாபாரிகள் சங்கம் ஒன்று புகார் கொடுத்து, 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டையும் விசாரிக்க உத்தரவிட்டது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னுரிமை தருகிறார்கள் என்பது அங்கே குற்றச்சாட்டு. அதற்கு முன்னாலேயே, 2018 டிசம்பரில், மத்திய அரசு அந்நிய முதலீட்டு விதியை இறுக்கியது. ஒரு விற்பனையாளர் தன் கொள்முதலில் 25 சதவீதத்துக்கு மேல் அந்தத் தளத்தின் சொந்த நிறுவனங்களிடமிருந்து வாங்கினால், அந்தச் சரக்கு தளத்தின் கையில் இருப்பதாகவே கருதப்படும் என்றார்கள். அதெல்லாம் கோடிகளில் நடக்கிற சண்டை. நம்ம பேட்ஜ் பரீட்சையில் மார்க் வாங்குவது போல, அந்த மாதம் பாஸானால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்தது விலை. இதில் எனக்கு உன் மேல் வருத்தம், ஒளிக்காமல் சொல்கிறேன். 649 ரூபாய் போர்வையை ராத்திரியோடு ராத்திரியாக 549 ஆக்கியிருக்கிறாய். காலையில் பில் எடுக்கும்போதுதான் பார்த்தேன். உனக்காகக் கணக்கை எழுதுகிறேன், நிதானமாகப் பார். 649-இல் ஜிஎஸ்டி 31 போகும். கமிஷன், கட்டணம், அனுப்பு கூலி, அதற்கு மேல் 18 சதவீத வரி எல்லாம் சேர்ந்து 172. விளம்பரத்துக்குச் சராசரி 40. நூல், சாயம், நெசவுக்கூலி 330, கவர், லேபிள் 12. மிச்சம் 64 ரூபாய். டிசிஎஸ் என்று தளம் முன்கூட்டியே பிடிக்கிற வரி நம்ம கணக்குக்கே திரும்ப வந்துவிடும், 2024 ஜூலையிலிருந்து அது அரை சதவீதம்தான், அதைச் சேர்க்கவில்லை. இதே போர்வையை 549-க்கு விற்றால் வரியும் கமிஷனும் கொஞ்சம் இறங்கும், 26-உம் 160-உம். மற்றதெல்லாம் அப்படியே. போட்டுப் பார், 19 ரூபாய் கையிலிருந்து போகிறது. வாங்குகிறவருக்குப் போர்வையும் கொடுத்து, பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து அனுப்புகிறோம். அன்றைக்கு வந்த ஆர்டர்களை அனுப்பிவிட்டேன், கேன்சல் பண்ணினால் அதற்கும் ஒரு சதவீத வரம்பு வைத்திருக்கிறார்கள். விலையைப் பழையபடி மாற்றியாயிற்று.

பேட்ஜ் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? தீபாவளி சேலில் பேட்ஜ் கடைகளெல்லாம் 10 சதவீதம் குறைக்க வேண்டும் என்றார்கள். 649-இல் அது 65 ரூபாய், நம்ம மிச்சமோ 64. அந்த மாதம்தான் ஆர்டர் கொட்டியது, அப்பாவும் நானும் சோறு தின்ன நேரமில்லாமல் லேபிள் ஒட்டினோம், நீயும் கிராஃப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாய். பாஸ்புக்கைப் பார்த்தால் அந்த வருஷத்திலேயே மெலிந்த மாதம் அதுதான்.

இப்போது ஆர்டர் பாதியாகக் குறைந்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. தேடினால் மூன்றாம் பக்கத்தில் வருகிறோம். சித்தப்பா தறி வாரத்தில் ரெண்டு நாள் சும்மா நின்றது. அது எனக்கு உறுத்துகிறது, பேட்ஜ் உறுத்தவில்லை. அதனால் அந்த ரெண்டு நாளுக்குத் துண்டு நெய்யப் பாவு ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அப்பா செவ்வாய்க்கிழமை ஈரோடு சந்தைக்கு எடுத்துப் போவார். ஐயோ பழையபடி சந்தையா என்று பதறாதே, எனக்கும் சந்தை மேல் பெரிய காதல் இல்லை. ஓணத்துக்குச் சரக்கு எடுத்தவர் பொங்கலுக்குக் காசு தருவார், அதிலும் ஒரு மூட்டைக்குத் தள்ளுபடி கேட்பார். ஆன்லைனில் என்ன பிடித்தாலும் மீதி வாராவாரம் பேங்கில் விழுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே கடையை மூட மாட்டேன். பேட்ஜ் இல்லாத கடையாக இருக்கட்டும். தேடி மூன்றாம் பக்கம் வரை வந்து வாங்குகிறவர் பெரும்பாலும் ரிட்டன் அனுப்புவதில்லை, இந்த ரெண்டு மாதத்தில் அதையும் பார்க்கிறேன்.

விளம்பரத்துக்கு நாளுக்கு 800 ரூபாய் போடுகிறேன், டாலரில் அது ஒன்றுமில்லை என்றாய். உனக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் உன் காசைப் போட்டு ஓட்டினால், நம்ம கடை தன் லாபத்தில் ஓடுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அனுப்பாதே. குட்டி பேரில் போட்டு வை.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கடையின் ஓடிபி இன்னும் உன் நம்பருக்குத்தான் வருகிறது. இங்கே பகல் பன்னிரண்டுக்கு நான் விலை மாற்ற உட்கார்ந்தால் உனக்கு நடு ராத்திரி. எழுப்பவும் மனசில்லை, விடவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என் நம்பருக்கு மாற்றிக் கொடு, என்னென்ன தட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பாப்பாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டையும் மாற்றப் போகிறேன். புதுசு என்ன என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு: சித்தி மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். குட்டிக்கு ரெண்டு சின்னப் போர்வை கொடுத்தனுப்புகிறேன். ரிவ்யூ எதுவும் போட வேண்டாம்.