மத்தியானம் சாப்பிட்டாயா?

திருவொற்றியூர்,
பங்குனி 16

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். கவரைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பதறாதே. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் போன் பாதி நாள் உன் அம்மா கையில்தான் இருக்கிறது, பேத்தி ஆடின வீடியோவைப் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் கடிதம். போஸ்ட் ஆபீசுக்கு நானே நடந்து போய்ப் போட்டுவிடுவேன்.

முதலில் உனக்குப் பிடித்த சேதி. மொட்டைமாடிக் கொடிக்கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. நடுக்கம்பியில் அம்மா உன் பழைய லுங்கிக் கிழிசலை முடிச்சுப் போட்டு வைத்திருந்தாளே, அந்த முடிச்சிலிருந்து தொங்குகிறது. கட்டியதெல்லாம் பெட்டைதான். ஆண் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா மேல் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தது. சருகு, நார், பஞ்சு, எங்கிருந்தோ ஒரு துண்டு பட்டாசுக் காகிதம், எல்லாவற்றையும் சிலந்தி நூலால் இழுத்து இழுத்து ஒட்டியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் குப்பை மாட்டிக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் பக்கவாட்டு வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம் இறக்கியிருக்கிறது பார், சாரல் அடித்தால் உள்ளே ஒரு சொட்டு போகாது. நம் வீட்டுக் கொத்தனார் உன் ரூம் ஜன்னலுக்கு சன்ஷேடே இல்லாமல் கட்டிவிட்டுப் போனார், காசு வேறு கூடக் கேட்டார்.

உள்ளே இரண்டு முட்டை இருக்கும் போலிருக்கிறது, தாய் கூட்டை விட்டு நகர்வதில்லை. அம்மா உத்தரவு போட்டுவிட்டாள், குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்தக் கம்பியில் துணி கூடாது. என் வேட்டி கைப்பிடிச் சுவரில் செங்கல் பாரத்தோடு காய்கிறது.

மத்தியானம் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? காபியைக் குடித்துவிட்டு மூன்று மணி வரை இழுக்காதே.

வேம்பு பூத்துவிட்டது. விடியற்காலையில் மாடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து வைக்கிறேன், எட்டு மணிக்குள் இரண்டு கை பூ விழுந்துவிடுகிறது. அம்மா நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டு, மேலே உன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள். சித்திரை ஒன்றுக்கு வந்தால் பச்சடிக்கு ஆகும், வராவிட்டால் யாரிடமாவது கொடுத்து அனுப்புவாளாம். பொங்கலுக்கு வரவில்லை, மாசியில் கோயில் மகிழடி சேவைக்கும் வரவில்லை. சின்ன வயதில் என் தோளை விட்டு இறங்காமல் பார்ப்பாய். சரி, வேலை இருந்திருக்கும்.

அதே வேம்பில் காக்கை கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது. சுள்ளி பாதி, கட்டுக்கம்பி பாதி. தெருக்கோடியில் வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்து தூக்கி வருகிறது. குயில் அதற்குள் வந்து காத்திருக்கிறது. காலை நாலரைக்குக் கத்த ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் போயிற்று. கருப்பாய்ச் சிவப்புக் கண்ணோடு இருக்கிற ஆண் கத்திக் கத்திக் காக்கையை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும், புள்ளி போட்ட பெட்டை இந்தப் பக்கம் வந்து முட்டையிடும். எல்லோரும் காக்கையை ஏமாளி என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயைத் திறந்துகொண்டு நிற்கிற குஞ்சின் முகத்தைப் பார்த்து விசாரித்துவிட்டா சோறு ஊட்ட முடியும்?

பூனை மறுபடி குட்டி போட்டது, மூன்று. எங்கே என்று கேள். உன் இன்ஜினியரிங் புத்தகம் அடுக்கின அட்டைப்பெட்டியில். நம் தெருவில் முதன்முதலில் லேப்டாப் வாங்கின பிள்ளையின் புத்தகம் என்று நான் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தேன், அது கிழித்து மெத்தை போட்டுக்கொண்டது. மீன்காரம்மா குரல் தெருமுனையில் கேட்டாலே குட்டியை விட்டுவிட்டு ஓடுகிறது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பைபர் படகில் வருகிற மீன்தான், காசிமேட்டில் விலை கேட்டாலே திரும்பி வந்துவிட வேண்டியதுதான். பூனைக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நமக்கே அந்த இரண்டு மாதம் கருவாடுதான்.

நீ அனுப்பின போட்டோவெல்லாம் பார்த்தேன். மரம் முழுக்க இலையே தெரியாமல் ரோஸ் பூ, கீழே பாதை முழுக்க அதே பூ. பெங்களூர் கப்பன் பார்க் என்று போட்டிருந்தாய். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ரசம் வைக்க முடியாது, அவ்வளவுதான். அப்புறம் பெஞ்சுக்குக் கீழே வந்த அணில், தண்ணீரில் வாத்து, தூங்குகிற நாய். செவ்வாய்க்கிழமை பதினொன்றே கால். வியாழன் இரண்டரை. அதற்கடுத்த திங்கள் பன்னிரண்டு மணி. பத்து வருஷமாக ஆபீஸ் ஜன்னலைக்கூடப் போட்டோ எடுத்து அனுப்பாத பிள்ளை.

நான் எதுவும் கேட்கவில்லை. வெயிலில் தொப்பி போட்டுக்கொள். மத்தியானம் சாப்பிடு.

உன் அக்காவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவள், "தம்பி இப்பல்லாம் உடனே போன் எடுக்கிறான்ப்பா, நல்லா பேசுறான்" என்று சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. முன்பெல்லாம் நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை எடுப்பாய், மீட்டிங் என்று வைத்துவிடுவாய், நான் கோபப்படுவேன். இப்போது அந்த "மீட்டிங்ப்பா"வை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

சரி, எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. நம் நாய் மணி எங்கிருந்து வந்தான் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாயே. கம்பெனி வாட்ச்மேன் கொடுத்தார் என்று சொன்னேன். வாட்ச்மேன் கொடுக்கவில்லை.

1998 தை மாதம், காலை ஷிப்டுக்குப் போனவன் கேட்டில் பூட்டையும் ஒட்டியிருந்த நோட்டீசையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசலில் நீ பல் தேய்த்துக்கொண்டிருந்தாய். "என்னப்பா அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாய். பேனா மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனேன். ஒரு பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறினேன். அந்தப் பேனாவில் மைகூட இல்லை.

அன்றிலிருந்து வைகாசி வரைக்கும் நாலு மாதம். தினமும் அம்மா கட்டித் தந்த டிபன் பாக்ஸோடு கிளம்புவேன். முதல் இரண்டு நாள் கோயிலுக்குள் மகிழ மரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த மரத்தடியில் பெண்டாட்டியைப் பிரிய மாட்டேன் என்று பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டுக் கிளம்பின சுந்தரருக்கே இந்த ஊரில் கண் போயிற்று. நான் எம்மாத்திரம்? மூன்றாம் நாள் அங்கே போகப் பயமாக இருந்தது, தெரிந்தவர்கள் வேறு வருகிறார்கள். மணலிக்குத் திரும்பவேண்டிய சைக்கிளை எண்ணூர்ப் பக்கம் விட்டேன்.

முகத்துவாரம் வரைக்கும் போய் ஒரு கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் உட்காருவேன். எதிரே ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து நகர்ந்துகொண்டிருப்பார்கள். பனை ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, இறால் பட்டதும் ஒரே பிடி, பறிக்குள் போய்விடும். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. அவர்களுக்குப் பின்னாலேயே கூழைக்கடாக்கள் நீந்தி வரும். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் மணி, காதில் உண்ணி, விலா எலும்பை எண்ணலாம். எனக்குச் சோறு இறங்கவில்லை, டிபன் பாக்ஸை அப்படியே அவன் முன்னால் வைத்தேன். அடுத்த நாளிலிருந்து பாதி அவனுக்கு என்று ஆரம்பித்தது, பிறகு முழுக்கவே அவனுக்கு என்று ஆகிவிட்டது. வைகாசியில் ஒரு சாயங்காலம் சைக்கிள் பின்னாலேயே ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடி வீட்டுக்கே வந்துவிட்டான். கேட்டைத் திறந்தால் ஏன் வடக்கே இழுக்கிறான், இறால் தலை என்றால் ஏன் உயிரை விடுகிறான் என்று எல்லோரும் கேட்டீர்கள். எனக்குப் பயம், இந்த நாய் ஒருநாள் வாயைத் திறந்து சொல்லிவிடுமோ என்று.

2004இல் எனக்கு வயிற்றுப்புண் என்று ஸ்டான்லிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? "மத்தியானம் வேளைக்குச் சாப்பிடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உன் அம்மா, "டெய்லி நானே கட்டிக் கொடுக்கறேன் சார், ஒரு பருக்கை மிச்சம் வராது" என்றாள்.

சம்பளம் எப்படி வந்தது என்று கேட்பாய். உன் தாத்தா போட்ட மோதிரம் பஸ்ஸில் கழன்று விழவில்லை. சேட்டு கடையில் மூழ்கிப்போனது. இன்றைக்கும் எனக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல உன் அம்மாவுக்கு அந்த மோதிரம்தான் ஆதாரம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பங்குனியில் ஒருநாள், இதே மாதிரி வேப்பம்பூ கொட்டிக்கிடந்த நாள், நான் வீட்டுக்கு வந்ததும் நீ டிபன் பையைக் கவிழ்த்தாய். மணலும் ஒரு மட்டிச் சிப்பியும் விழுந்தன. அந்தச் சிப்பியைக் கையில் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்கக் குதித்தாய். "அப்பா, கம்பெனிக்குள்ள கடல் இருக்கா?" என்று கேட்டாய். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் உன்னை அறைந்தேன். தெருவில் பொறுக்கினதை என் பைக்குள் போட்டுவிட்டுப் பொய் சொல்கிறாயா என்று கத்தி, இன்னொன்றும் வைத்தேன். உனக்கு ஆறு வயது. நீ அழவில்லை. சிப்பியை வெளியே கொண்டுபோய்த் திண்ணைக்குக் கீழே போட்டுவிட்டு வந்து, "சாரிப்பா, நான்தான் போட்டேன்" என்றாய்.

இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் ஆறு முழுக்கப் படிந்ததே, டிவியில் கருப்பாகிப்போன கூழைக்கடாவைக் காட்டினார்கள். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போனேன். "பறவைக்கெல்லாமா அழுவாங்க?" என்றாள் உன் அம்மா. பறவைக்கும்தான் அழுதேன். ஆனால் அங்கே போனாலே என் காதில் கேட்பது அந்த "சாரிப்பா"தான். நீ செய்யாததைச் செய்தேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டது என்னிடம்.

அப்புறம் வேறு இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. மெதுவாக எல்லாம் சரியாயிற்று, அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கலாம் என்றும் சில நேரம் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தப் பங்குனிக் கடைசியில் டிபனில் சோறு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

மருமகளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லிவிடு. பேத்தி ஸ்கூல் பீஸ் பற்றி யோசிக்காதே, மாடி போர்ஷன் வாடகை சும்மாதான் பேங்கில் கிடக்கிறது. இங்கே வந்து பத்து நாள் இருந்தாலும் இரு, உன் ரூமில் பூனைக்குட்டியைத் தவிர யாரும் இல்லை. ஜன்னலுக்கு சன்ஷேட்கூடப் போட்டுவிடலாம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், போனில் பேசவும் வேண்டாம். நாளையிலிருந்து ஒரு மணிக்கு நீ சாப்பிடுகிற தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. பூவெல்லாம் அப்புறம் அனுப்பலாம்.

அப்பா

பி.கு: போன ஒண்ணாம் தேதி உன் பணம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஒண்ணாம் தேதியும் வந்துவிடும். அவள் போனில் ஏதாவது கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்.